வானொலியில் இரைச்சல்: மின் வடிகட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

பால் வெட்டி முடித்து வீடு திரும்பிய பின், வானொலியைத் திறந்து நல்ல பாடல் ஒன்றைக் கேட்பது தோட்டத்துக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கமாகும். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குச் சென்றதும் வீட்டுக்கு முதலில் வாங்கி வரும் பொருள்களுள் பாட்டுப் பெட்டியும் ஒன்றாக இருப்பதை நாம் காண்கிறோம். ஆனால் பெட்டி புதியதாக இருந்தும், பாடலுக்குப் பின்னால் ஓயாத 'ம்ம்ம்' என்னும் முனகலோ, 'கரகர' என்னும் இரைச்சலோ கேட்டுக்கொண்டே இருந்தால் மகிழ்ச்சி பாதியாகக் குறைந்து விடுகிறது.

இக்குறையைப் போக்குவதாகக் கூறி, 'மின் இரைச்சல் வடிகட்டி' என்னும் கருவி கடைகளில் விற்கப்படுகின்றது. சில வெள்ளிக்குக் கிடைக்கும் சிறு வளையம் முதல், பல நூறு வெள்ளி விலை கூறப்படும் பெட்டி வரை இதில் பல வகைகள் உண்டு. ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து இதனை வாங்கிய பின்னும் இரைச்சல் நிற்காவிட்டால் அந்தப் பணம் வீண். அதைவிடக் கொடியது, இரைச்சலைப் போக்குவதாக எண்ணி மின்கம்பிகளில் தவறான மாற்றம் செய்து உயிருக்கே கேடு தேடிக்கொள்வதாகும். ஆகவே இரைச்சல் எங்கே பிறக்கிறது, வடிகட்டி எவ்வாறு வேலை செய்கிறது, எப்போது அது தேவை, எப்போது தேவையில்லை என்பவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

மார்சிலிங்: தோட்டம் அடுக்குமாடியான கதை

நம் பாடத்திற்குப் பொருத்தமான இடமாகச் சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள மார்சிலிங்கை எடுத்துக்கொள்வோம். 1924-ஆம் ஆண்டில் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸில் இறங்கினால், சிறிது தூரத்திலேயே மார்சிலிங் வந்துவிடும். இன்று அங்கே வானளாவ நிற்பவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள். ஆனால் அந்த மண் ஒரு காலத்தில் தோட்ட மண்ணாக இருந்தது. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் (1879–1936) என்பாருக்கு அப்பகுதியில் தோட்டம் இருந்தது. மார்சிலிங் என்னும் பெயரே சீனாவிலுள்ள அவருடைய மூதாதையர் ஊரின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். அவருடைய சொந்தப் பெயர்தான் பக்கத்திலுள்ள யீஷூன் நகருக்கும் வாய்த்தது.

பால் மரங்கள் நின்ற இடத்தில் 1970-களிலிருந்து வீடுகள் எழுந்தன. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மார்சிலிங் விரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அவ்வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிங்கப்பூரின் 'ஒலி 96.8' ஒலிபரப்பைக் கேட்கின்றன. நீரிணை குறுகியதாக இருப்பதால் மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் அங்கே எட்டும். தென் ஜொகூர்த் தோட்டங்களில் சிங்கப்பூர் ஒலிபரப்பும் கேட்கும்.

லயத்து வீட்டிற்கும் அடுக்குமாடி வீட்டிற்கும் ஒலியைப் பொறுத்தவரை ஒரு பெரும் வேறுபாடு உண்டு. லயத்தில் வீடுகள் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக நிற்கும். அடுக்குமாடியிலோ நமக்கு மேலும் கீழும் இருபுறமும் வீடுகள். ஒரே மின்தடம் மாடிதோறும் ஏறிச் சென்று ஒவ்வொரு வீட்டிற்கும் கிளை பிரிகின்றது. காலையில் ஒரு வீட்டில் தேங்காய் அரைக்கும் இயந்திரம் ஓடும். மேல்மாடியில் துணி துவைக்கும் இயந்திரம் சுழலும். கீழ்மாடியில் ஒருவர் சுவரில் துளையிடுவார். எல்லா வீட்டிலும் கைத்தொலைபேசிகள் மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருக்கும். இவை ஒவ்வொன்றும் மின்கம்பியில் சிறிதளவு அழுக்கைச் சேர்க்கின்றன. ஆகவே இரைச்சலைப் பற்றிய பாடத்தை அடுக்குமாடி வீட்டில் கற்றுக்கொண்டால், அது லயத்து வீட்டிற்கும் எளிதாகப் பொருந்தும்.

இரைச்சல் பிறக்கும் விதம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும், வினாடிக்கு 50 சுற்று அலைவும் உடையது. அலைவைக் குறிக்கும் அளவை 'ஹெர்ட்ஸ்' என்பர். இப்பெயர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரை நினைவூட்டுவதாகும். 1886 முதல் 1888 வரை அவர் நடத்திய சோதனைகளில், இரு உலோகக் குண்டுகளுக்கு இடையே மின்பொறி தாவும்போதெல்லாம், அறையின் மறுபுறத்தில் இருந்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் நுண்ணிய பொறி தோன்றுவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று காற்றின் வழியே சென்றது என்பதற்கு அதுவே சான்று. வானொலி அலையை மனிதன் முதன்முதலில் தெளிவாக மெய்ப்பித்துக் காட்டியது இவ்வாறுதான்.

இதில் நமக்கு ஒரு முக்கியமான பாடம் அடங்கியுள்ளது. மின்பொறி எங்கே தாவினாலும் அங்கே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் தோன்றிவிடுகிறது. அரைக்கும் இயந்திரத்தின் மோட்டாருக்குள் கரித்துண்டுகள் சுழலும் செம்பின் மீது உராயும்போது நொடிக்குப் பல நூறு பொறிகள் பறக்கின்றன. பழைய குழல் விளக்கின் ஸ்டார்ட்டர் துடிக்கும்போதும், குளிர்ப்பெட்டி தானே நின்று தானே ஓடும்போதும், தளர்ந்த சுவிட்சைத் தட்டும்போதும் பொறி உண்டாகின்றது. இவை யாவும் வானொலி கேட்கக்கூடிய அலைகளை மின்கம்பியிலும் காற்றிலும் பரப்புகின்றன. இத்தொல்லையை ஆராய்ந்து நாடுகளுக்குப் பொதுவான வரம்புகளை வகுப்பதற்காகவே 1934-ஆம் ஆண்டில் ஓர் அனைத்துலகச் சிறப்புக் குழு அமைக்கப்பட்டது என்பதிலிருந்து இது எவ்வளவு பழைய சிக்கல் என்பது விளங்கும்.

இக்காலத்தில் பொறி இல்லாமலே இரைச்சல் உண்டாக்கும் கருவிகளும் பெருகிவிட்டன. கைத்தொலைபேசியின் மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, கணினியின் மின்பெட்டி ஆகியவற்றுள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பப்படுகின்றது. அவ்வாறு வெட்டுவதால்தான் கருவி சிறியதாகவும் சூடு குறைந்ததாகவும் இருக்கின்றது. நல்ல நிறுவனம் செய்த மின்னேற்றியில் அந்த வெட்டின் இரைச்சல் வெளியே போகாதபடி உள்ளேயே வடிகட்டி வைத்திருப்பார்கள். மலிவான மின்னேற்றிகளில் செலவைக் குறைக்க அதை விட்டுவிடுவதும் உண்டு. மின்விசிறியின் வேகத்தையோ விளக்கின் ஒளியையோ கூட்டிக் குறைக்கும் சில திருகுகளும் இதே போல் மின்னலையை வெட்டுவதால் 'கரகர'வென்ற ஓசையை எழுப்புகின்றன.

ஓசையைக் கொண்டு நோயை அறிதல்

மருத்துவர் இருமலின் ஓசையைக் கேட்டு நோயை ஊகிப்பது போல, இரைச்சலின் தன்மையைக் கேட்டு அதன் பிறப்பிடத்தை ஓரளவு அறியலாம்.

முதலாவது, தாழ்ந்த குரலில் இடைவிடாது கேட்கும் 'ம்ம்ம்' என்னும் முனகல். இது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல்; சில கருவிகளில் அதன் இரட்டிப்பாகிய 100 ஹெர்ட்ஸ் குரலாகக் கேட்கும். கருவிக்குள் மின்சாரத்தைச் சமன்படுத்தும் பெரிய மின்தேக்கி முதுமையடைந்து வலுவிழந்தாலும், இரு கருவிகளை இணைக்கும் கம்பியில் கோளாறு இருந்தாலும் இது தோன்றும்.

இரண்டாவது, 'கரகர', 'சடசட' என்று விட்டுவிட்டுக் கேட்கும் ஓசை. இது பெரும்பாலும் பொறியால் பிறந்தது. மோட்டார் ஓடும்போது தொடங்கி, அது நின்றதும் நிற்கும்.

மூன்றாவது, 'கீ' என்று கொசு பறப்பது போன்ற மெல்லிய ஓசை. இது மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு முதலியவற்றின் குரலாக இருக்கலாம்.

நான்காவது, 'டக்' என்று ஒரே ஒரு முறை கேட்டு மறையும் ஓசை. குளிர்ப்பெட்டியோ சுவிட்சோ இயங்கியதன் அடையாளம் இது.

இவற்றுள் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வகைகளுக்கு மின் வடிகட்டி பயன்படக்கூடும். முதல் வகைக்கு அது பயன்படாது. ஏன் என்பதை வடிகட்டியின் வேலையைத் தெரிந்துகொண்டால் புரிந்துகொள்ளலாம்.

வடிகட்டி வேலை செய்யும் முறை

பால் ஸ்டோரில் நாம் கொண்டுவரும் ரப்பர் பாலைச் சல்லடையில் ஊற்றுகிறார்கள். பால் இறங்கிவிடும், பட்டைத் துணுக்கும் இலைச் சருகும் உறைந்த கட்டியும் மேலே தங்கிவிடும். சல்லடையின் கண் பாலுக்கு வழிவிடுகிறது, குப்பைக்கு வழிவிடுவதில்லை. மின் வடிகட்டியும் ஒரு சல்லடைதான். ஆனால் அது பொருளின் பருமனைக் கொண்டு பிரிப்பதில்லை. அலைவின் வேகத்தைக் கொண்டு பிரிக்கின்றது. 50 ஹெர்ட்ஸ் என்னும் மெதுவான அலைவு நமக்கு வேண்டிய பால். இலட்சக் கணக்கான ஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கும் இரைச்சல் நமக்கு வேண்டாத குப்பை.

இப்பிரிப்பை இரண்டு உறுப்புகள் செய்கின்றன. ஒன்று மின்சுருள், மற்றொன்று மின்தேக்கி. மின்சுருள் என்பது கரிய பெரைட் வளையத்தின் மேல் சுற்றப்பட்ட செம்புக் கம்பி. அது மெதுவான மின்னோட்டத்திற்குத் தடை சொல்லாது; விரைவான துடிப்பை எதிர்த்து நிற்கும். மின்தேக்கியோ அதற்கு நேர்மாறானது. மெதுவான மின்னோட்டத்தை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும். விரைவான துடிப்புக்கு எளிதில் வழிவிடும்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1 மில்லி ஹென்ரி அளவுள்ள மின்சுருள் 50 ஹெர்ட்ஸுக்குக் காட்டும் தடை ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மத்திய அலை வானொலிக்குரிய 10 இலட்சம் ஹெர்ட்ஸுக்கு அதே சுருள் காட்டும் தடை ஏறத்தாழ 6,280 ஓம். இனி 0.1 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள மின்தேக்கியைப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸுக்கு அதன் தடை ஏறத்தாழ 31,800 ஓம். 10 இலட்சம் ஹெர்ட்ஸுக்கோ 1.6 ஓம் மட்டுமே.

இவ்விரண்டையும் சேர்த்து அமைக்கும்போது என்ன நேர்கிறது? கம்பி வழியே வரும் இரைச்சல் முதலில் மின்சுருளில் தடைபடுகிறது. அதையும் மீறி வருவது, வானொலிக்குள் புகுமுன் மின்தேக்கியின் எளிய வழியில் இறங்கி, வந்த கம்பிக்கே திரும்பிப் போகிறது. மின்சாரமோ எத்தடையுமின்றிக் கருவியைச் சென்றடைகிறது.

இப்போது முதல் வகை முனகலுக்கு வடிகட்டி ஏன் பயன்படாது என்பது விளங்கும். அந்த முனகல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்தே வருகிறது. 50 ஹெர்ட்ஸைத் தடுக்கும் வடிகட்டி மின்சாரத்தையே தடுத்துவிடும், கருவி இயங்காது. பாலே புளித்திருந்தால் சல்லடையால் அதைத் திருத்த முடியாது அல்லவா?

மங்கிலேயே காப்பது மேல்

குப்பையை எங்கே தடுப்பது நல்லது? பட்டைத் துணுக்கு மங்கில் விழாதபடி வெட்டும்போதே கவனித்துக்கொண்டால் வாளியும் தூய்மையாக இருக்கும். ஸ்டோரிலும் வேலை குறையும். எல்லாப் பாலும் கலந்த பின் பிரிப்பது கடினம். இரைச்சலும் அப்படியே. அரைக்கும் இயந்திரத்தில் பிறந்த இரைச்சல் சுவரில் ஓடும் கம்பிகளில் ஏறிவிட்டால், வீட்டின் எல்லாக் கம்பிகளும் அதைப் பரப்பும் வான்கம்பிகள் ஆகிவிடும். பின்னர் வானொலியின் மின்கம்பியில் வடிகட்டி வைத்தாலும், காற்று வழியே வரும் இரைச்சல் வானொலியின் வான்கம்பி வழியாக உள்ளே நுழைந்துவிடும். ஆகவே வடிகட்டியை வானொலிக்கு அருகே வைப்பதைவிட, இரைச்சல் எழுப்பும் கருவிக்கு அருகே வைப்பதே மிகுந்த பயன் தரும்.

இதற்கு எல்லார்க்கும் எட்டிய வழி பெரைட் வளையமாகும். இரண்டாகத் திறந்து கம்பியின் மேல் கவ்வி மூடும் வகையில் இது கிடைக்கின்றது. சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்திற்கு அருகே ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் போன்ற மின்னணுப் பொருள் கடைகளில் இத்தகைய உறுப்புகளைக் காணலாம். வளையத்திற்குள் கம்பியை ஒரு முறை நுழைப்பதைவிட, இடமிருந்தால் மூன்று முறை சுற்றி நுழைப்பது நல்லது. சுற்று மூன்று மடங்கானால் தடை ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். கம்பியை வெட்டவோ உரிக்கவோ தேவையில்லை என்பதால் இதில் ஆபத்தும் இல்லை.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

கடைக்குச் செல்லுமுன் காசு செலவில்லாத சோதனைகள் சிலவற்றை வரிசையாகச் செய்து பார்க்க வேண்டும்.

முதலாவதாக, பேட்டரியாலும் மின்சாரத்தாலும் இயங்கும் வானொலி இருந்தால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது கம்பி வழியே வருகிறது என்று பொருள், வடிகட்டி உதவக்கூடும். நிற்காவிட்டால் அது காற்று வழியே வருகிறது. வானொலிக்கு வடிகட்டி வாங்குவது வீண்.

இரண்டாவதாக, பேட்டரி வானொலி பாடிக்கொண்டிருக்கும்போதே வீட்டின் முதன்மைச் சுவிட்சைச் சிறிது நேரம் அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். நிற்காவிட்டால் அவன் அண்டை வீட்டிலோ வெளியிலோ இருக்கிறான்.

மூன்றாவதாக, முதன்மைச் சுவிட்சை மீண்டும் போட்டு, ஒவ்வொரு கருவியாக இயக்கிப் பாருங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் எழுகிறதோ அதுவே அதன் பிறப்பிடம். மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, சிறு வானொலியைக் கையில் ஏந்தி வீட்டைச் சுற்றி வந்தாலும் போதும். குற்றவாளிக் கருவியை நெருங்க நெருங்க இரைச்சல் பெருகும். மலிவான மின்னேற்றி ஒன்றை மாற்றுவதாலேயே பல வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடக் கூடும்.

நான்காவதாக, வானொலியின் இடத்தை மாற்றிப் பாருங்கள். குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி, மின்னேற்றி ஆகியவற்றிலிருந்து ஓரடி, ஈரடி தள்ளி வைத்தாலே இரைச்சல் வெகுவாகக் குறையும். வான்கம்பியைச் சன்னலருகே நீட்டி வைத்தால் நிலையத்தின் குரல் வலுப்பெற்று இரைச்சலை அமுக்கிவிடும். அடுக்குமாடிச் சுவர்களில் இரும்புக் கம்பிகள் நிறைந்திருப்பதால் மார்சிலிங் போன்ற இடங்களில் சன்னலோரமே சிறந்த இடமாகும்.

ஐந்தாவதாக, மத்திய அலையில் கேட்கும் நிலையம் பண்பலையிலும் கிடைக்குமானால் அதற்கு மாறுங்கள். பண்பலை முறையை எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் உருவாக்கி 1933-இல் காப்புரிமை பெற்றதே இத்தகைய இரைச்சலை வெல்வதற்காகத்தான். பொறியின் இரைச்சல் அலையின் உயரத்தைக் குலைக்கும். பண்பலையிலோ பாட்டு அலையின் உயரத்தில் இல்லாமல் அலைவின் மாற்றத்தில் ஏறி வருகிறது. ஆகவே இரைச்சல் அதை எளிதில் கெடுப்பதில்லை.

இன்று பலர் கைத்தொலைபேசி வழியாகவே பாடல் கேட்கின்றனர். இணையவழி வரும் பாடல் எண்களாக மாற்றப்பட்டு வருவதால் மின்கம்பியின் இரைச்சல் அதனுள் கலப்பதில்லை. ஆயினும் அதைப் பெரிதாக்கும் ஆம்பிளிபையரில் இரைச்சல் ஏறக்கூடும். மின்னேற்றியில் மாட்டியிருக்கும்போது மட்டும் ஒலிபெருக்கி 'கீ' என்று ஒலித்தால், மின்னேற்றியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், காரணம் தெரிந்துவிடும்.

எர்த்துக் கம்பி: உயிர் காக்கும் மூன்றாவது முனை

இப்பாடத்தில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

வானொலி, ஆம்பிளிபையர், தொலைக்காட்சி ஆகியவற்றைக் கம்பிகளால் இணைக்கும்போது 'ம்ம்ம்' என்னும் முனகல் எழுவது உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எர்த்து இருக்க, பாட்டைக் கொண்டுசெல்லும் கம்பியும் அவற்றை இணைப்பதால், எர்த்துப் பாதை ஒரு வளையமாகி அதில் சிறு மின்னோட்டம் சுற்றி வருகின்றது. அதுவே முனகலாகக் கேட்கின்றது. பிளக்கின் எர்த்து முனையைக் கழற்றிவிட்டால் இம்முனகல் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அதோடு நம் உயிர்க்காவலும் நின்றுவிடும். கருவிக்குள் மின்கம்பி கழன்று உலோகப் பெட்டியில் பட்டுவிட்டால், எர்த்து இருக்கும்போது மின்சாரம் அவ்வழியே பாய்ந்து பியூஸ் எரிந்து கருவி அணைந்துவிடும். எர்த்து இல்லாதபோது அப்பெட்டி 230 வோல்ட்டோடு காத்திருக்கும். தொட்டவர் உடலே எர்த்துக் கம்பியாகிவிடும்.

தோட்டக் கோயில் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். மழை பெய்து ஈரமான தரை. வெறுங்காலோடு நிற்கும் அடியார்கள். கையில் உலோக மைக். ஆம்பிளிபையரின் முனகலைப் போக்க எவரேனும் எர்த்தைக் கழற்றியிருந்தால் அந்த மைக்கே எமனாகலாம். முனகலைப் போக்க நேரிய வழி, எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டுப் பலகையில் மாட்டுவதும், இணைப்புக் கம்பியைக் குறுகியதாக வைப்பதும், அதிலும் நிற்காவிட்டால் ஒலியைப் பிரித்துக் கடத்தும் சிறு டிரான்ஸ்பார்மரை ஒலிக்கம்பியில் பொருத்துவதும் ஆகும்.

வடிகட்டிக்கும் எர்த்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. பல வடிகட்டிகளில் மின்கம்பிகளிலிருந்து எர்த்துக்குச் செல்லும் சிறு மின்தேக்கிகள் உள்ளன. இரைச்சல் அவ்வழியே மண்ணுக்கு இறங்குகிறது. அதோடு மிகச் சிறிதளவு மின்சாரமும் கசிகிறது. 4.7 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றில் கசிவு ஏறத்தாழ 0.3 மில்லி ஆம்பியர். எர்த்து சரியாக இருந்தால் அது நம்மைத் தொடாமல் போய்விடும். எர்த்து இல்லாத இடத்தில் இத்தகைய வடிகட்டியை மாட்டினால், கருவியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது விரல் சுறுசுறுக்கும். பல கருவிகளின் கசிவு சேர்ந்தால் அது பெருகும். தொட்டால் சுறுசுறுப்பது எர்த்து இல்லை என்பதற்கான எச்சரிக்கை. அதை அசட்டை செய்யாமல் மின் பணியாளரை அழைக்க வேண்டும்.

மூன்று தட்டை முனைகள் கொண்ட நம் பிளக்கில் எர்த்து முனை மட்டும் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுவே முதலில் நுழைந்து, மற்ற இரு துளைகளின் மூடியைத் திறக்கின்றது. இரு முனைப் பிளக்கை நுழைப்பதற்காக எர்த்துத் துளையில் பேனாவையோ குச்சியையோ செருகும் பழக்கம் தோட்டத்திலும் நகரத்திலும் உண்டு. இது மிகவும் தவறான செயல். குழந்தைகள் பார்த்து அதையே செய்வார்கள். அவர்கள் கையில் இருப்பது ஆணியாகவும் இருக்கலாம்.

மின்கசிவைக் கண்டு நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சு ஒன்றும் உண்டு. வீடுகளுக்குரியது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளையும் சேர்த்து எல்லா வீடுகளுக்கும் 2023 ஜூலை 1 முதல் இது கட்டாயமாயிற்று. பழைய வீடுகளுக்கு ஈராண்டுத் தவணை தரப்பட்டது. மார்சிலிங்கின் பழைய அடுக்குமாடிகளுக்கும் இவ்விதி பொருந்தும். உங்கள் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். இச்சுவிட்சில் சோதனைக்கென ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் சுவிட்சு கெட்டுவிட்டது என்று அறிக.

கம்பியின் உறை நம் கைத்தொழில்

மின்கம்பிக்கு உறையாகிக் காப்பது ஒரு காலத்தில் நம் கையால் வெட்டிய ரப்பரே. அதற்கும் முன்னர், 1843-இல் சிங்கப்பூரிலிருந்து மாண்ட்கோமரி என்னும் மருத்துவர் இலண்டனுக்கு அறிமுகப்படுத்திய 'கட்டா பெர்ச்சா' என்னும் காட்டு மரப்பால், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. பின்னர் வீட்டுக் கம்பிகள் ரப்பர் உறையோடு வந்தன. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை வருகின்றது. வெயிலிலும் சூட்டிலும் கிடந்த ரப்பர் காலப்போக்கில் வெடித்து உதிரும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் எவர்? பழைய வீடுகளில் ரப்பர் உறைக் கம்பி இருந்து, அது உதிரத் தொடங்கியிருந்தால், இரைச்சலும் வரும், ஆபத்தும் வரும். அங்கே வேண்டுவது வடிகட்டி அன்று, புதிய கம்பி.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மூன்று கருவிகளை மக்கள் ஒன்றாக எண்ணிக் குழம்புகின்றனர். வடிகட்டி இரைச்சலை மட்டும் நீக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்குவதைச் சீராக்குவது வேறொரு கருவி. ஜெனரேட்டர் ஓடும் தோட்டங்களில் தேவைப்படுவது பெரும்பாலும் இதுவே. திடீரென எழும் மிகை அழுத்தத்தை உறிஞ்சுவது மூன்றாவது கருவி. இவற்றுள் எதுவும் அருகில் விழும் இடியைத் தாங்காது. ஆண்டில் 150 நாட்களுக்கும் மேல் இடி முழங்கும் வட்டாரம் நம்முடையது. இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

வடிகட்டி வாங்கும்போது, அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைப் பார்த்து, மாட்டப்போகும் கருவிக்குப் போதுமா என்று அறிய வேண்டும். மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் உள்ள பொருள்களையே நாட வேண்டும். சாதாரண மின்தேக்கியை வாங்கி மின்கம்பிகளுக்கிடையே தாமே பொருத்திக்கொள்ளுதல் கூடாது. மின்கம்பிக்கென்று தனியாகச் செய்யப்பட்ட வகை வேறு. சாதாரண வகை வெடித்துத் தீப்பற்றக்கூடும்.

விலை ஏற ஏற ஒலியும் இனிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல ஆம்பிளிபையருக்குள் டிரான்ஸ்பார்மரும் மின்தேக்கிகளும் முன்னரே மின்சாரத்தைத் தூய்மை செய்கின்றன. இரைச்சல் கேட்காத வீட்டில் வடிகட்டி மாட்டினால் பாடல் முன்னிலும் இனிமையாகிவிடாது. இல்லாத குப்பையைச் சல்லடை எவ்வாறு பிரிக்கும்? அப்பணத்திற்கு நல்ல ஒலிபெருக்கி வாங்குவது காதுக்குப் பயன் தரும்.

நினைவில் கொள்க

1. இரைச்சலின் ஓசையைக் கேட்டு வகையை அறிக.
2. பேட்டரியில் இயக்கிப் பார்த்து, கம்பி வழியா, காற்று வழியா என்று தெளிக.
3. வடிகட்டியைக் குற்றவாளிக் கருவியின் அருகே வைக்க.
4. 'ம்ம்ம்' என்னும் முனகலுக்கு வடிகட்டி மருந்தன்று.
5. எர்த்து முனையை ஒருபோதும் கழற்றற்க.
6. மின்பெட்டியில் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே விடுக.

பயிற்சி வினாக்கள்

1. மின்பொறியை ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் என்று கூறுவது ஏன்?
2. மின்சுருளும் மின்தேக்கியும் இரைச்சலைப் பிரிக்கும் முறையைச் சல்லடையோடு ஒப்பிட்டு விளக்குக.
3. உங்கள் வீட்டில் இரைச்சல் எழுப்பக்கூடிய கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் சோதித்து எழுதுக.
4. உங்கள் வீட்டு மின்பெட்டியில் கசிவுக் காப்புச் சுவிட்சு உள்ளதா? இல்லையெனில் யாரிடம் முறையிட வேண்டும்?

நான்காவது வினாவுக்கு விடை தேடும்போது, தனித்தனியே அலையாமல், லயத்து வீட்டார் எல்லாரும் ஒன்றுகூடித் தொழிற்சங்கக் கிளை வழியாகத் தோட்ட நிருவாகத்திடம் எழுத்து மூலம் கேட்பது நன்று. எர்த்து சரியாக இருக்கிறதா என்பதை ஒரே நாளில் எல்லா வீடுகளிலும் பார்த்துவிடலாம்; திருவிழாவுக்கு முன் கோயிலின் மின் இணைப்பையும் அதோடு சேர்த்துச் சோதிக்கச் செய்யலாம்.